வேடிக்கை பார்த்த தந்தை கட்டிய பூங்கா

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் குழந்தைகளைக் கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லத் திட்டமிடாத நடுத்தரக் குடும்பம் இன்று அரிது. நுழைவுக் கட்டணம் எவ்வளவு, வாகனத்துக்கு என்ன ஏற்பாடு, மதிய உணவு எங்கே என்றெல்லாம் கணக்குப் போடுகிறோம். அங்கே போன பிறகு பெரியவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வியை மட்டும் எழுப்புவதில்லை. அந்தக் கேள்வியை எழுப்பி, விடையாக ஒரு பூங்காவையே கட்டியவர் வால்ட் டிஸ்னி. பொருளாதாரம் கற்பித்த எனக்கு, மிக்கி மௌஸால் உலகறிந்த டிஸ்னியைவிட இந்த டிஸ்னியே நெருக்கமானவர்.

அவர் 1901 டிசம்பர் 5-ஆம் நாள் சிகாகோவில் பிறந்தார். தந்தை இலியாஸ் தச்சுத் தொழிலாளி. 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியின் கட்டுமானத்தில் உழைத்தவர். 1906-இல் குடும்பம் மிசௌரி மாநிலத்தின் மார்சலின் என்ற சிற்றூருக்குச் சென்று பண்ணை நடத்தியது. வயலும் ரயிலும் மரநிழலுமாகக் கழிந்த அந்தச் சில ஆண்டுகளே டிஸ்னியின் உண்மையான குழந்தைப் பருவம். 1911-இல் பண்ணையை விட்டுக் கான்சாஸ் சிட்டிக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே தந்தை நாளிதழ் விநியோக உரிமையை விலைக்கு வாங்கினார். விடியலுக்கு முன் எழுந்து, கொட்டும் பனியிலும் வீடு வீடாகப் பத்திரிகை போடும் வேலை அந்தச் சிறுவன்மேல் விழுந்தது. அதற்குத் தந்தை ஊதியம் தரவில்லை. விளையாட நேரமும் மிஞ்சவில்லை.

கான்சாஸ் சிட்டியில் அவர் தொடங்கிய முதல் அசைபட நிறுவனம் 1923-இல் நொடித்துப்போனது. அண்ணன் ராயுடன் சேர்ந்து ஹாலிவுட்டில் மீண்டும் தொடங்கினார். 1928-இல், தாம் வளர்த்த ஆஸ்வால்ட் என்ற முயல் பாத்திரத்தின் உரிமை தம்மிடம் இல்லை என்பதை உணர்ந்தார். அதே ஆண்டில் மிக்கி மௌஸ் பிறந்தது. 1937-இல் 'ஸ்னோ ஒயிட்' முழுநீள அசைபடமாக வெளிவந்து பெருவெற்றி கண்டது.

இந்த வெற்றிக்கு மறுபக்கமும் உண்டு. 1941-இல் அவருடைய ஓவியர்கள் தொழிற்சங்க உரிமைக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். அதை அவர் உரிமைக் கோரிக்கையாகப் பார்க்காமல் துரோகமாகவே பார்த்தார். 1947-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னபோது, அந்தப் போராட்டத்துக்குக் கம்யூனிஸ்டுகளே காரணம் என்றார். குழந்தைகளின் மனத்தை நுட்பமாக அறிந்த மனிதர், தம்மிடம் வேலை பார்த்தவர்களின் மனத்தை அறியத் தவறினார்.

அவருக்கு டயான், ஷாரன் என இரு மகள்கள். வார இறுதிகளில் அவர்களை லாஸ் ஏஞ்சலீஸின் கிரிஃபித் பூங்காவுக்கு அழைத்துச் செல்வார். குழந்தைகள் குடை ராட்டினத்தில் சுற்றுவார்கள். தந்தை பெஞ்சில் அமர்ந்து கடலை கொறித்தபடி வேடிக்கை பார்ப்பார். பெரியவர்களும் குழந்தைகளும் ஒன்றாக மகிழ ஏன் ஓரிடம் இல்லை என்ற எண்ணம் அங்கேதான் முளைத்ததாகப் பின்னாளில் அவரே நினைவுகூர்ந்தார். அன்றைய கேளிக்கைத் திடல்கள் பலவும் அழுக்கும் இரைச்சலுமாக இருந்தன. கோபன்ஹேகனில் 1843 முதல் இயங்கிவரும் டிவோலி பூங்காவைப் பார்த்தபோது, தூய்மையும் கேளிக்கையும் சேர்ந்திருக்க முடியும் என்பதைக் கண்டார்.

பணம் கிடைப்பது எளிதாக இல்லை. ராய் தயங்கினார். டிஸ்னி தமது ஆயுள் காப்பீட்டின் பேரில் கடன் வாங்கினார். ஏபிசி தொலைக்காட்சிக்கு வாராந்திர நிகழ்ச்சி தர ஒப்புக்கொண்டு அதன் முதலீட்டைப் பெற்றார். அனஹைமில் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பு வாங்கப்பட்டது. ஏறத்தாழ ஓராண்டில், 1 கோடியே 70 லட்சம் டாலர் செலவில் பூங்கா எழுந்தது. ஒரே வாசல், அதிலிருந்து ஒரு கடைத்தெரு, தெருக்கோடியில் ஒரு கோட்டை, அங்கிருந்து பல திசைகளில் பிரியும் பாதைகள். குழந்தையின் கையைப் பிடித்து நடப்பவர் வழி தவறக் கூடாது என்ற அக்கறை அந்த அமைப்பில் தெரிகிறது. பூங்காவைச் சுற்றி ஓடும் ரயிலில் தாத்தாவும் பேரனும் அருகருகே அமரலாம்.

1955 ஜூலை 17-ஆம் நாள் திறப்பு விழா. போலிச் சீட்டுகளோடு பலர் புகுந்ததால் கூட்டம் 28,000-ஐத் தாண்டியது. புதிதாகப் போட்ட தார் வெயிலில் இளகியது. குழாய்ப் பணியாளர்களின் வேலைநிறுத்தத்தால் கழிப்பறைகள், குடிநீர்க் குழாய்கள் ஆகிய இரண்டில் ஒன்றைத்தான் முடிக்க முடியும் என்ற நிலை வந்தபோது, டிஸ்னி கழிப்பறைகளைத் தேர்ந்தெடுத்திருந்தார். குழந்தைகளோடு வெளியே போனவர்களுக்கு அந்த முடிவின் நியாயம் புரியும். தொடக்கச் சறுக்கல் நீடிக்கவில்லை. ஏழே வாரங்களில் 10 லட்சம் பேர் வந்துவிட்டார்கள்.

இனி என் துறைக்கு வருகிறேன். தொடக்கத்தில் பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 1 டாலர். ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனியே சில்லறைக் காசு. 1971-இல் வால்டர் ஓய் என்ற பொருளாதார அறிஞர் இந்த இரு பகுதிக் கட்டண முறையை ஆராய்ந்து எழுதிய கட்டுரை, விலைக் கோட்பாட்டில் இன்றும் படிக்கப்படுகிறது. வருவோர் அனைவரும் ஒரேமாதிரியானவர்கள் என்றால், வாசலிலேயே பெருந்தொகையை வாங்கிக்கொண்டு, விளையாட்டுகளைச் செலவு விலைக்குத் தருவது நிறுவனத்துக்கு மிகுந்த லாபம் தரும். ஆனால் மனிதர்கள் ஒரேமாதிரியானவர்கள் அல்லர். வாசலில் அதிகம் கேட்டால், குறைவாக விளையாடுபவர் வராமலே இருந்துவிடுவார். இதை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் நான் கரும்பலகையில் ஒரு பாட்டியை உதாரணமாக எழுதுவேன். எந்த ராட்டினத்திலும் ஏறாத பாட்டி, 1 டாலர் கொடுத்து உள்ளே வந்து, மரநிழலில் அமர்ந்து பேரக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

டிஸ்னி 1966 டிசம்பர் 15-இல் நுரையீரல் புற்றுநோயால் மறைந்தார். அவர் காலத்துச் சீட்டுப் புத்தக முறை 1982-இல் கைவிடப்பட்டது. எல்லாவற்றையும் வாசலிலேயே வசூலிக்கும் ஒற்றைக் கட்டணமே இன்று உலகெங்கும் பெருவழக்கு. ஒவ்வொரு விளையாட்டுக்கும் பணப்பையைத் திறக்க வேண்டியதில்லை என்பது அதன் வசதி. அதன் இழப்பு கண்ணுக்குத் தெரியாதது. எங்கள் வீட்டில் பேரப்பிள்ளைகளுடன் செல்லத் திட்டமிடும்போது, தான் எதிலும் ஏறப்போவதில்லை, எனக்கெதற்கு முழுச் சீட்டு என்று என் மனைவி விலகிக்கொள்வார். விலைப்பட்டியல் ஒரு சொல்கூடப் பேசாமல் ஒருவரைக் குடும்பத்திலிருந்து கழித்துவிடுகிறது.

உடன் வந்து பார்த்திருப்பவருக்கென ஒரு குறைந்த கட்டணம் வைத்தால் பூங்கா நடத்துவோர் நொடித்துப்போக மாட்டார்கள். தாத்தா பாட்டி வந்தால் உணவகத்திலும் கடையிலும் செலவு செய்வார்கள். அன்றைய பொழுதும் அவர்களோடு சேர்ந்து நிறையும். சுற்றுலாவுக்குத் திட்டமிடும் பெற்றோரும் எத்தனை விளையாட்டுகள் ஆடி முடிக்கலாம் என்று எண்ணுவதற்கு முன், எத்தனை பேர் ஒன்றாக அமரலாம் என்று எண்ணிப்பார்க்கலாம்.