நீதியரசர் ஜார்ஜ் வித்

நாடும் சமயமும் வேறாயினும், அறத்தை நாடி வாழ்ந்த சான்றோர் வரலாறு நம் சிந்தனைக்குரியதே. அவ்வகையில், அமெரிக்காவின் தொடக்ககால அரசியலறிஞரும் நீதியரசருமான ஜார்ஜ் வித் என்பாரின் வாழ்வை ஈண்டுக் காண்போம்.

வர்ஜீனியாவில் 1726ஆம் ஆண்டு பிறந்த இவர், இளமையிலேயே தந்தையை இழந்தார். அன்னையே முதல் ஆசிரியை. முறையான பள்ளிக்கல்வி குறைவாயினும், இடையறா முயற்சியால் கிரேக்கமும் இலத்தீனும் கற்றுத் தேர்ந்து, 1746இல் வழக்கறிஞரானார். 1776ஆம் ஆண்டின் விடுதலைப் பிரகடனத்தில், வர்ஜீனியாப் பிரதிநிதிகளின் கையொப்பங்களுள் முதலாவதாக நிற்பது இவருடையதே.

எனினும், இவருடைய பெருமை ஆசிரியப் பணியிலேயே தங்கியுள்ளது என்பது நம் கருத்து. பின்னாளில் குடியரசுத் தலைவரான தாமஸ் ஜெபர்சன் இவரிடமே சட்டம் பயின்றார். 1779இல் வில்லியம் மேரி கல்லூரியில், அமெரிக்காவின் முதல் சட்டப் பேராசிரியராக அமர்ந்தார். மாணவர்களைக் கொண்டு மாதிரி நீதிமன்றமும் சட்டமன்றமும் நடத்திப் பயிற்றுவித்தார். புகழ்மிக்க தலைமை நீதிபதி ஜான் மார்ஷலும் இவர் மாணாக்கரே.

அடிமை முறை வேரூன்றிய நாட்டில் பிறந்த வித், தாமும் அடிமைகளை உடையவராகவே வாழ்ந்தார். 1787இல் மனைவி மறைந்தபின், லிடியா பிராட்நாக்ஸ் என்னும் பெண்மணி உள்ளிட்ட சிலரை விடுவித்தார். விடுதலை பெற்ற லிடியா, அவர் இல்லத்திலேயே சமையற்பணி புரிந்தார். மைக்கேல் பிரவுன் என்னும் கலப்பினச் சிறுவனுக்கு வித் தாமே கல்வி புகட்டினார். தம் உடைமையில் அவ்விருவர்க்கும் பங்கு எழுதிவைத்தார். 1806இல் ஒரு வழக்கில், பிறப்பால் மாந்தர் அனைவரும் உரிமையுடையோரே என்னும் அடிப்படையில் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டு மன்றம் வழக்காடிய குடும்பத்தின் விடுதலையை ஏற்றது, அவ்வடிப்படையை ஏற்கவில்லை.

அதே ஆண்டு பெருந்துயர் நேர்ந்தது. உடனிருந்த, உடன்பிறந்தாள் வழிப் பேரன் ஜார்ஜ் ஸ்வீனி, பொருளாசையால் உணவில் நஞ்சு கலந்தான் எனக் குற்றஞ்சாட்டப்பட்டான். சிறுவன் மைக்கேல் முதலில் மாண்டான். வித், ஸ்வீனிக்குரிய பங்கை நீக்கி உயிலைத் திருத்தியபின், ஜூன் 8ஆம் நாள் உயிர் நீத்தார். லிடியா உயிர் பிழைத்தார்.

அவ்வீட்டில் நடந்ததை அறிந்தவர் லிடியா. ஆனால், வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பினத்தார் சாட்சி சொல்லச் சட்டம் இடந்தரவில்லை. ஸ்வீனி கொலைக் குற்றத்தினின்று விடுவிக்கப்பட்டான். இதில் நம் நெஞ்சை உறுத்துவது ஒன்றுண்டு. விடுதலைக்குப்பின் வர்ஜீனியாவின் சட்டங்களைத் திருத்தியமைத்த குழுவில் வித்தும் ஒருவர். அக்குழு அளித்த சட்டமுன்வடிவிலும் அப்பழைய தடை நீக்கப்படாமலே இருந்தது. நல்லார் கண்டும் களையாது விட்ட சிறு தீமை, அவர் மனையிலேயே நீதியின் வாயை அடைத்தது.

ஓரறிவுயிர் முதல் ஐயறிவுயிர் ஈறாக அனைத்தையும் ஒப்ப நோக்கும் நெறியிற் பிறந்தோம் நாம். மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதத்தின் அருமையையும் இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது. நம் இல்லத்துப் பிள்ளைகளுக்கு ஜார்ஜ் வித்தின் கதையைக் கூறுங்கால், சாட்சி கூற இயலாது நின்ற லிடியாவின் பெயரையும் சேர்த்தே கூறுவோமாக.