எதிரணி அச்சிட்ட இலக்கணம்



அரூரிலிருந்து சித்தேரி மலைக்குச் சாலை வேலையாக வந்து எட்டு மாசமாகிறது. இங்குள்ள ஊர்ப் பெயர்ப்பலகையில் 'தே'க்குப் போட்டிருக்கும் இரட்டைக் கொம்பைப் பார்க்கும்போதெல்லாம் நம்ம ஹாஸ்டல் ரூம்தான் ஞாபகத்துக்கு வரும். அந்தக் கொம்பைத் தமிழுக்குத் தந்தவர் என்று சொல்லப்படும் வீரமாமுனிவரை வைத்துத்தான் நானும் என் ரூம்மேட்டும் சண்டை போட்டோம். நான் ஆர்.சி., அவன் லுத்தரன். அன்றைக்கு ரெண்டு பேருக்குமே அவரைப் பற்றிப் பாதிதான் தெரியும். மீதியை இப்போது எழுதுகிறேன்.

கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி 1680ல் இத்தாலியில் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தவர். 1517ல் மார்ட்டின் லூத்தர் எழுப்பிய கேள்விகளால் ஐரோப்பியத் திருச்சபை இரண்டுபட்டது. கத்தோலிக்கர்கள் 1545 முதல் 1563 வரை திரெந்து நகரில் சங்கம் கூட்டி இரண்டு காரியங்களில் இறங்கினார்கள். ஒன்று, எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்வது. இன்னொன்று, தங்கள் வீட்டைத் தாங்களே ஒழுங்கு செய்வது. குருக்களுக்கு முறையான படிப்பு வேண்டும் என்பதும் அங்கே எடுத்த முடிவுதான். இந்த இரண்டு வேலைகளிலும் முன்னால் நின்றது 1540ல் அங்கீகாரம் பெற்ற இயேசு சபை. பெஸ்கி அந்தச் சபைத் துறவி.

1711 வாக்கில் அவர் தமிழகம் வந்து சேர்ந்தபோது, ஐரோப்பியச் சண்டை அவருக்கு முன்னாலேயே கப்பலேறி வந்துவிட்டிருந்தது! 1706ல் தரங்கம்பாடியில் இறங்கிய லுத்தரன் பாதிரியார் சீகன்பால்கு, 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டே கொடுத்துவிட்டார். முனிவரிடம் இருந்ததோ ஓலையும் எழுத்தாணியும்தான்.

அவர் சும்மா இருக்கவில்லை. வேத விளக்கம், பேதகமறுத்தல் என்று மறுப்பு நூல்கள் எழுதினார். எதிர்த்தரப்பாரின் தமிழையும் விட்டுவைக்கவில்லை. சொல்லப் போனால், நாங்கள் ஹாஸ்டலில் போட்ட சண்டையைவிட அது காரமானது. அதை மறைப்பதற்கில்லை.

ஆனால் இன்னொரு வேலையையும் அவர் விடவில்லை. ஊர் ஊராகப் போதிக்கும் உபதேசியார்கள் எப்படி வாழவேண்டும் என்று வேதியர் ஒழுக்கம் எழுதினார். சூசையப்பரின் கதையை 3,615 பாடல்களில் தேம்பாவணியாகப் பாடினார். 1732ல் சதுரகராதி தந்தார். ஓலையில் குறில் எது, நெடில் எது என்று தெரியாமல் தடுமாறிய எகர ஒகரங்களைப் பிரித்துக் காட்டினார். எரியா ஏரியா என்ற குழப்பம் தீர்ந்தது.

எனக்கு நெஞ்சைத் தொட்ட சேதி இனிமேல்தான். புதிதாக வரும் குருக்கள் மக்கள் பேசும் தமிழைக் கற்பதற்காக லத்தீனில் ஓர் இலக்கணம் எழுதியிருந்தார். 1738ல் அதை அச்சிட்டது யார் தெரியுமா? அதே தரங்கம்பாடி லுத்தரன் அச்சகம்! தங்களைக் கிழித்துத் தொங்கவிட்டவரின் புத்தகம் என்று அவர்கள் ஒதுக்கவில்லை. நல்ல இலக்கணம், நமக்கும் வேண்டும் என்று அச்சுக் கோத்தார்கள். கொள்கையில் இரு தரப்பும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. 1747ல் முனிவர் அம்பலக்காட்டில் கண்மூடினார். 1968ல் உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினாவில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

என் ரூம்மேட்டுக்கு ஒரு வார்த்தை. அந்த ராத்திரிக்குப் பிறகு ஃபேர்வெல் நாள்வரை நாம் பேசவே இல்லை. ஆனால் செமஸ்டருக்கு முந்தின நாள் உன் நோட்டு என் மேஜைமேல் இருந்தது. அதைப் படித்துத்தான் பாஸ் பண்ணினேன். ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. தரங்கம்பாடியார் செய்ததைத்தான் நீ செய்திருக்கிறாய் என்று புரிய எனக்கு இத்தனை வருஷமாச்சு.

சந்திப்பு நாளன்று மெஸ் வாசலில் காத்திருப்பேன். வாடா. வாதத்தை வேண்டுமானால் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். டீ என் கணக்கு.