பெரிய குண்டா? சிறிய குண்டா?

ஆட்கொல்லிப் புலிகளுக்கு எமனாக விளங்கியவர் ஜிம் கார்பெட். 1875-ம் ஆண்டு நைனிடாலில் பிறந்தார். சிறு வயதிலேயே துப்பாக்கியுடன் காட்டில் திரிந்தார்.

436 உயிர்கள்

1907-ம் ஆண்டு. குமாவுன் மலையில் சம்பாவத் என்ற ஊர். அங்கே ஒரு பெண்புலி அட்டகாசம் செய்தது. நேபாளத்திலும் இந்தியாவிலுமாக 436 பேரை அது கொன்றிருந்தது!

கார்பெட் கையில் இருந்தது 500 நம்பர் ரைபிள். குழலின் துவாரம் அரை அங்குலம் என்பதே அதன் பொருள். குண்டு பெரியதுதான். ஆனால் அவரிடம் இருந்தவை மூன்றே தோட்டாக்கள்! மூன்றும் தீர்ந்தன. காயம்பட்ட புலி எதிரே நின்றது. கார்பெட் ஓடிப்போய், தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கி வந்து சுட்டார். புலி செத்தது.

அதன் வலப்புறக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. முன்பு யாரோ சுட்ட குண்டின் வேலை அது! பல் போனதால் காட்டு மிருகங்களை வேட்டையாட முடியாமல், புலி மனிதரைத் தின்னத் தொடங்கியது. இடம் தவறிய ஒரு குண்டுக்கு 436 உயிர்கள் விலை!

பரிசு

மாகாண லெப்டினென்ட் கவர்னர் ஹியூவெட், கார்பெட்டுக்கு 275 நம்பர் ரைபிளைப் பரிசளித்தார். துவாரம் சுமார் 7 மில்லிமீட்டர். குண்டின் எடை 9 கிராம்தான்.

கார்பெட்டிடம் 450/400 நம்பர் இரட்டைக் குழல் ரைபிளும் இருந்தது. 450 அளவுத் தோட்டாக் கூட்டின் வாயை ஒடுக்கி, 400 அளவுக் குண்டைப் பொருத்துவார்கள். அதனால்தான் இரண்டு எண்கள். குண்டு சுமார் 26 கிராம். அடி பலமானது. ஆனால் துப்பாக்கி கனம்!

கையில் முட்டை

1930-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், சௌகர் ஆட்கொல்லியைத் தேடிப் போனார். வழியில் அபூர்வமான பறவை முட்டைகள் இரண்டு கிடைத்தன. அவற்றை இடது கையில் எடுத்துக்கொண்டார். வலது கையில் 275.

ஒரு பாறையைத் தாண்டித் திரும்பிப் பார்த்தார். சுமார் எட்டடி தூரத்தில் புலி!

ஒரே கையால் ரைபிளை மெல்ல மெல்லத் திருப்பினார். சுட்டார். புலி சாய்ந்தது. முட்டை உடையவில்லை! கனமான ரைபிளாக இருந்திருந்தால் ஒரு கையால் திருப்பியிருக்க முடியாது. முட்டைகளைக் கூட்டிலேயே திரும்ப வைத்துவிட்டார்.

பின்னாளில் காமிராவால் புலிகளைப் படம் பிடிப்பதில் நாட்டம் கொண்டார். 1955-ம் ஆண்டு கென்யாவில் காலமானார். பின்னர் ஒரு தேசியப் பூங்காவுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. புலிகளைக் காக்கும் அரசுத் திட்டம் 1973-ல் அந்தப் பூங்காவில்தான் தொடங்கியது.