ஏர்கன் பிடித்த சிறுவன் சலீம் அலி

ஆடி மாசத் திருவிழாவில் பலூன் சுடுற கடை பார்த்திருப்பீங்க. கடைக்கார அண்ணன் துப்பாக்கியை நடுவில் மடக்கி, ஒரு சின்ன ஈயக் குண்டைப் போட்டுக் கையில் தருவார். அதற்குள் வெடிமருந்து எதுவும் கிடையாது. மடக்கும்போது உள்ளே ஒரு ஸ்பிரிங் சுருங்குகிறது. விசையை இழுத்தால் ஸ்பிரிங் விரிந்து பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் காற்றை அழுத்தும், காற்று குண்டை வெளியே தள்ளும். ஏர்கன் என்பது அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் ஒரு அண்ணனிடம் இது இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏரிப் பக்கம் கிளம்பிவிடுவார். குண்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்னாடியே போனவன் நான்தான். ஒரு நாள் ஒரு மைனா விழுந்தது. அது என்ன பறவை, கூட்டில் குஞ்சு இருக்கிறதா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. குறி தப்பவில்லை என்று கை தட்டினோம். அப்புறம் வகுப்பில், ஏர்கன் வாங்கினால் எது வாங்கலாம் என்று பெரிய வாக்குவாதம். அந்தச் சமயத்தில்தான் நூலகத்தில் சலீம் அலியைப் பற்றிய புத்தகம் கையில் கிடைத்தது. அவரும் ஏர்கன்னோடு அலைந்த பையன்தான்!

சலீம் அலி 1896 நவம்பர் 12-ஆம் தேதி பம்பாயில் பிறந்தார். வீட்டில் கடைக்குட்டி. ஒரு வயதில் அப்பா போய்விட்டார், மூன்று வயதில் அம்மாவும் போய்விட்டார். தாய்மாமா அமீருத்தீன் தியாப்ஜியும் அத்தை ஹமீதா பேகமும்தான் பிள்ளைகளை வளர்த்தார்கள். மாமா வேட்டைப் பிரியர். அந்த வீட்டுப் பையன்களுக்கு வேட்டை என்றால் நமக்குக் கிரிக்கெட் மாதிரி. சலீமுக்கும் ஒரு சின்ன ஏர்கன் கிடைத்தது.

பத்து வயதை ஒட்டி அவர் செய்த ஒரு காரியம் இது. குதிரை லாயத்துச் சுவரில் ஒரு பொந்து. உள்ளே பெண் சிட்டுக்குருவி அடைகாக்கிறது. வெளியே ஒரு ஆணியில் ஆண் குருவி உட்கார்ந்து காவல். சலீம் வண்டிக்குப் பின்னால் ஒளிந்து ஆணைச் சுட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் வேறொரு ஆண் வந்து அதே ஆணியில் உட்கார்ந்தது. அதையும் சுட்டார். இன்னொன்று வந்தது. இப்படி ஏழு நாளில் எட்டு ஆண் குருவிகள்! படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அந்தப் பையன் இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஒவ்வொரு முறையும் புது ஆண் வந்ததைக் கவனித்திருந்தார். பெரிய நிபுணரான பிறகு, சுமார் அறுபது வருஷம் கழித்து, அந்தச் சின்ன வயதுக் குறிப்பை ஒரு எழுத்துகூட மாற்றாமல் அச்சில் கொடுத்தார்.

பிறகு ஒரு நாள் சுட்டு விழுந்த குருவியின் தொண்டையில் மஞ்சளாக ஒரு திட்டு இருந்தது. சாதாரண ஊர்க்குருவிக்கு அப்படி இருக்காதே! மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். மாமாவுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் கௌரவச் செயலாளர் டபிள்யூ. எஸ். மில்லார்டுக்கு ஒரு அறிமுகக் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பினார். அது வெள்ளைக்காரன் ஆண்ட காலம். காகிதத்தில் சுற்றிய செத்த குருவியோடு ஒரு துரையின் அறைக்குள் போவதென்றால் பயம் இருக்காதா? மில்லார்டு விரட்டவில்லை. அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னார். அலமாரிகளைத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். படிக்கப் புத்தகமும் கொடுத்தார். பறவையின் தோலை உரித்துப் பதப்படுத்த, தேதி, இடம், ஆணா பெண்ணா என்று சீட்டு எழுதிக் கட்ட அங்கேதான் சலீம் கற்றுக்கொண்டார்.

படிப்பில் அவர் சுமார்தான். தீராத தலைவலி வேறு. 1913-ல் எப்படியோ மெட்ரிக் தேறினார். பர்மாவில் தவாய் என்ற ஊருக்குப் போய், குடும்பத்தின் சுரங்கத் தொழிலையும் மரத் தொழிலையும் பார்த்தார். தொழில் தேறவில்லை, சுற்றியிருந்த காட்டில் பறவை பார்த்ததுதான் மிச்சம். 1918-ல் தெஹ்மினா என்பவரை மணந்தார். பட்டம் இல்லை என்பதால் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் வேலை கிடைக்கவில்லை. பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி வேலை பார்த்தார். லீவு போட்டு ஜெர்மனி போய், பெர்லினில் ஸ்ட்ரெஸ்மான் என்ற பேராசிரியரிடம் பயின்றார். 1930-ல் திரும்பி வந்தால், பணம் இல்லை என்று அந்த வேலையையே எடுத்துவிட்டிருந்தார்கள்!

வேலை போனதால்தான் நமக்கு ஒரு நல்ல ஆராய்ச்சி கிடைத்தது. பம்பாய்க்கு அருகில் கிஹிம் என்ற கடலோர கிராமத்தில் மனைவியோடு தங்கினார். அங்கே மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. துப்பாக்கியைத் தொடாமல் மாதக்கணக்கில் மறைவில் உட்கார்ந்து பார்த்தார். ஆண் குருவி பாதிக் கூட்டைக் கட்டும். பெண் வந்து சோதித்துப் பார்க்கும். பிடித்தால் குடிவரும். ஆண் மீதிக் கூட்டை முடித்துவிட்டு, அடுத்த கூட்டைக் கட்டி அடுத்த பெண்ணை அழைக்கும். இதை முறையாக எழுதி உலகுக்குச் சொன்னவர் சலீம் அலி.

பிறகு ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி என்று ஒவ்வொரு சமஸ்தானமாகப் பறவைக் கணக்கெடுப்பு. எல்லாப் பயணத்திலும் கூடவே வந்த தெஹ்மினா 1939-ல் ஒரு அறுவை சிகிச்சைக்குப் பின் இறந்துபோனார். 1941-ல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய புத்தகம் வந்தது. பிறகு ரிப்ளி என்ற அமெரிக்கரோடு சேர்ந்து 10 தொகுதிகள் எழுதினார். மோட்டார் சைக்கிள் பைத்தியமும் உண்டு. 1950-ல் சுவீடனில் நடந்த பறவையியல் மாநாட்டுக்குத் தன் சன்பீம் வண்டியை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய் ஓட்டியே போனார்!

ஒன்றை மறைக்கக் கூடாது. அவர் துப்பாக்கியை அடியோடு விட்டுவிடவில்லை. அந்தக் காலத்தில் பறவை இனத்தைச் சந்தேகமில்லாமல் பிரித்தறிய, கையில் ஒரு தோல் வேண்டும். ஆராய்ச்சிக்காகச் சுட்டதை அவர் மறைத்ததும் இல்லை. ஆனால் பரத்பூர் ஏரியில் 1938-ல் ஒரே நாளில் வைஸ்ராய் கூட்டம் 4,273 பறவைகளைச் சுட்டதே, அது வேறு கதை. அந்த ஏரியைப் பறவைகளின் சரணாலயமாகக் காப்பாற்றப் பின்னாளில் உழைத்தவர்களில் சலீம் அலி முக்கியமானவர்.

நம் கோடியக்கரையில் அவருடைய கழகத்தார் பறவைகளை வலையில் பிடித்து, காலில் வளையம் மாட்டி உயிரோடு பறக்கவிட்டார்கள். முத்தாபுதுப்பேட்டைக்காரர்களுக்கு இன்னொரு செய்தி. 1980-களில் விமானங்கள் மீது பறவைகள் மோதுவது பற்றியும் கழகம் ஆராய்ந்தது. விமானதளத்தைச் சுற்றிக் கொட்டும் குப்பையும் இறைச்சிக் கழிவும்தான் பருந்தையும் கழுகையும் இழுக்கின்றன என்று தெரிந்தது. நம்ம ஊரில் விமானப்படை வீட்டுப் பிள்ளைகள் நிறைய பேர் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

1976-ல் பத்ம விபூஷண். 1985-ல் மாநிலங்களவை உறுப்பினர். தன் வரலாற்றுப் புத்தகத்துக்கு அந்த மஞ்சள் தொண்டைக் குருவி விழுந்ததையே தலைப்பாக வைத்தார். 1987 ஜூன் 20-ஆம் தேதி, 90 வயதில் காலமானார். கோவை ஆனைகட்டியில் அவர் பெயரில் பறவை ஆராய்ச்சி மையம் இருக்கிறது.

சரி, வகுப்புச் சண்டைக்கு வருவோம். எந்த ஏர்கன் வாங்கலாம்? குறி பார்த்துச் சுடத்தான் என்றால் 4.5 மி.மீ. ஏர் ரைபிள். கிளப்பில் சேர்ந்து, பயிற்சியாளர் பக்கத்தில் நிற்கச் சுட வேண்டும். ஒலிம்பிக் போட்டியில் 10 மீட்டர் தூரம். நடுப்புள்ளி எவ்வளவு பெரிசு தெரியுமா? அரை மில்லிமீட்டர்! 2008-ல் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இதில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் இதே போட்டிக்காரர்தான். மைனாவை அடிப்பது இதன் பக்கத்தில்கூட வராது. வேட்டைக்கு என்றால் பதிலே கிடையாது. 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். சக்தி குறைந்த ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டாம் என்பார்கள். துப்பாக்கிக்குத்தான் வேண்டாம், பறவையைச் சுட யாருக்கும் உரிமம் கிடையாது.

நம்ம சைக்கிள் ஸ்டாண்ட் கூரைக்கு அடியில் ஒரு சிட்டுக்குருவி ஜோடி இருக்கிறது. தொண்டை கறுப்பாக இருப்பது ஆண். மூன்று வாரமாக நோட்டில் எழுதி வருகிறேன். நேற்று வரை வைக்கோல் கொண்டுவந்தது ஆண் 41 முறை, பெண் 26 முறை. பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மதிய இடைவேளையில் வாங்க. சத்தம் போடக் கூடாது.

— 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்