தமியான் அடிகளாரின் வாழ்வும் இறுதி நாட்களும்

இறக்கும் தறுவாயில் மாந்தர் கூறும் சொற்களுக்கு எங்கும் தனி மதிப்பு உண்டு. நம் ஊர்களிலும் பெரியவர் ஒருவர் கண்மூடினால், கடைசியாக என்ன சொன்னார் என்றே துக்கத்திற்கு வந்தோர் முதலில் வினவுவர். கிறித்தவ நெறியில் இம்மதிப்பு இன்னும் மிகுதி. இயேசு பெருமான் சிலுவையில் மொழிந்த ஏழு வாக்கியங்களைப் பெரிய வெள்ளியன்று மணிக்கணக்கில் தியானிப்பது அவர்தம் வழக்கம். அவ்வேழனுள் நான்காவது, இறைவன் தம்மைக் கைவிட்டது ஏன் என்னும் கேள்வி. ஏழாவது, உயிரைத் தந்தையின் கைகளில் ஒப்படைக்கும் சொல். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவைத் தம் உடலாலேயே நடந்து கடந்த ஒருவரின் வரலாற்றை இம்மலரில் எழுத விழைந்தோம். தொழுநோயாளரோடு வாழ்ந்து, தொழுநோயாளராகவே மாய்ந்த தமியான் அடிகளாரே அவர்.

பெல்ஜிய நாட்டில் திரெமெலோ என்னும் சிற்றூரில் 1840 சனவரி 3ஆம் நாள், தானிய வணிகர் ஒருவரின் ஏழாவது மகவாக அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் யோசேப்பு. தமையனார் பம்பிலியுஸ் முன்னரே இயேசு மரி திரு இருதயங்களின் சபையில் சேர்ந்திருந்தார். தம்பியும் 1859இல் அங்கேயே சேர்ந்து தமியான் என்னும் பெயரை ஏற்றார். ஆனால் இலத்தீன் அறியாதவர் என்பதால் குருத்துவப் படிப்புக்குத் தகுதியற்றவர் எனச் சபையார் அவரை ஒதுக்கினர். ஓய்வு நேரங்களில் தமையனாரிடமே இலத்தீன் பயின்று, அவர்தம் கருத்தை மாற்றினார் தமியான். பலகாலம் ஆசிரியப் பணியில் இருந்துவரும் நமக்கு இச்செய்தியைப் படிக்கும்போதெல்லாம் சற்றுக் கூச்சம் உண்டாகிறது. படிப்பு ஏறாது என்று நாமும் எத்தனை பேரைக் கடைசி வரிசையில் அமர்த்தியிருக்கிறோம்!

1860ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் வார்த்தைப்பாடு கொடுத்தபோது, அச்சபை வழக்கப்படி அவரைத் தரையில் குப்புறக் கிடத்தி, பிணத்தின்மேல் போர்த்தும் கறுப்புத் துணியால் மூடினர். உலகிற்கு இறந்துவிட்டார் என்பது அச்சடங்கின் பொருள். இதனைக் குறித்து வைத்துக்கொள்ளுமாறு படிப்போரை வேண்டுகிறோம்.

ஹவாய்த் தீவுகளுக்குச் செல்ல வேண்டியவர் உண்மையில் தமையனாரே. நோயுற்றோரைப் பேணப்போய் அவர் நச்சுக் காய்ச்சலில் விழவே, அவர் இடத்தில் தாம் செல்வதாகப் பாரிசில் இருந்த சபைத் தலைவருக்குத் தமியான் நேரே கடிதம் எழுதி இசைவு பெற்றார். 1864 மார்ச் 19ஆம் நாள் ஹொனொலூலு துறைமுகத்தில் இறங்கினார். அதே ஆண்டு மே 21ஆம் நாள் குருப்பட்டம் பெற்றார். அடுத்த ஒன்பது ஆண்டுகள் ஹவாய்ப் பெருந்தீவில் எரிமலைச் சரிவுகளிலும் காடுகளிலும் கழிந்தன.

அக்காலத்தில் தொழுநோய் அத்தீவு மக்களிடையே வேகமாகப் பரவியது. வெளிநாட்டார் வந்த பிறகே பரவிய நோய் அது. அதனை எதிர்க்கும் வலிமை அம்மக்களின் உடலில் இல்லை. 1865இல் அரசு ஒரு சட்டம் இயற்றியது. நோய் கண்டவர் எவராயினும் குடும்பத்தினின்றும் பிரித்து, மொலக்காய்த் தீவின் வடபுறத்தே கடலுள் நீண்ட ஒரு நிலத்துண்டிற்கு அனுப்பப்படலாயினர். மூன்று புறமும் கடல். நான்காம் புறம் ஏறமுடியாத செங்குத்து மலை. 1866 சனவரியில் முதற்குழுவினர் அங்கே இறக்கிவிடப்பட்டனர். அச்சட்டம் 1969 வரை நீடித்தது. ஏறத்தாழ 8,000 பேர் அங்கு அனுப்பப்பட்டனர். அவருள் பெரும்பாலோர் அம்மண்ணின் பழங்குடியினர். தொட்டால் தீட்டு என்று ஒரு மனிதனை ஊருக்கு வெளியே நிறுத்துவது என்னவென்று நம் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை.

1873 மே 10ஆம் நாள் தமியான் தம் ஆயருடன் அங்குச் சென்றார். நான்கு குருக்கள் முறைவைத்துச் சென்று வருவதென்பதே ஏற்பாடு. முதலில் சென்றவர் திரும்பவேயில்லை. அப்போது அவருக்கு அகவை 33. தங்க வீடின்மையால் கோயிலருகே நின்ற தாழை மரத்தின் அடியிலேயே முதல் நாட்களைக் கழித்தார். அங்கே புண்களின் நாற்றம் தாங்கமுடியாததாக இருந்ததால் புகைக்குழாய் பிடிக்கப் பழகினார். இறந்தோர் ஆழமின்றிப் புதைக்கப்பட்டமையால் பன்றியும் நாயும் தோண்டின. அவர் இடுகாட்டிற்கு வேலியிட்டார், குழிகளை ஆழப்படுத்தினார், சவப்பெட்டிகளைத் தாமே தச்சு வேலை செய்து முடைந்தார். பள்ளத்தாக்கிலிருந்து குழாய் வழியே குடிநீர் வந்தது. 1874இல் அடித்த புயலில் பழைய குடிசைகள் வீழ்ந்தபின் மரவீடுகள் எழுந்தன. பெற்றோரற்ற பிள்ளைகளுக்கு இல்லம் அமைந்தது. இசைக்குழு ஒன்றுகூடத் தோன்றியது. இவை யாவற்றையும் அவர் ஒருவரே செய்தார் என்று எழுதுவோர் உளர். அது சரியன்று. விரல் இழந்த கைகளால் உடன் உழைத்த நோயாளரும் அவற்றைக் கட்டியவரே.

அவரைப் பற்றி வழங்கும் கதை ஒன்று உண்டு. நோய் கண்ட மறுநாள் பிரசங்கத்தில்தான் முதன்முறையாகத் தம்மையும் நோயாளருள் ஒருவராகச் சேர்த்துப் பேசினார் என்பது அக்கதை. உண்மை அதனினும் பெரிது. சென்ற முதல் ஆண்டிலேயே, உடலில் ஒரு வடுவும் இல்லாத நாளிலேயே, தம்மைத் தொழுநோயாளரோடு ஒன்றாக எண்ணிப் பேசுவதாகத் தமையனாருக்கு எழுதினார். நம் தமிழில் நாம் என்றும் நாங்கள் என்றும் இருசொல் இருப்பதுபோல், கேட்போரைச் சேர்த்துச் சொல்லவும் விலக்கிச் சொல்லவும் ஹவாய் மொழியிலும் தனித்தனிச் சொற்கள் உண்டு. அம்மொழியை நன்கறிந்த அடிகளார் எப்பக்கம் நின்றார் என்பதை அவர் வாழ்வே காட்டிவிட்டது. அவர்களுடன் ஒரே கலத்தில் கைவிட்டு உண்டார். தம் புகைக்குழாயைப் பகிர்ந்தார்.

இதற்கு விலை இருந்தது. அவர் அக்குடியிருப்பை விட்டு வெளியேறலாகாதென அரசு தடை விதித்தது. ஒருமுறை சபை மேலாளர் கப்பலில் வந்தபோது, அவரை இறங்கவிடவில்லை. தமியானை ஏறவும் விடவில்லை. சிறுபடகில் நின்றவாறே, கப்பலில் இருந்தோர் கேட்க, பிரெஞ்சு மொழியில் உரக்கத் தம் பாவங்களை அறிக்கையிட்டார் அடிகளார்.

1884 திசம்பரில் ஒருநாள் களைப்பு நீங்கக் கொதிநீரில் கால்களை வைத்தார். தோல் கொப்பளித்தது; சூடு தெரியவில்லை. நாம் தொடக்கப்பள்ளியில் படித்த காலத்தில் தொழுநோய் ஆய்வாளர் வந்து, சட்டையைக் கழற்றச் சொல்லி, தேமல் கண்ட இடத்தில் இறகால் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார். தெரிகிறது என்று சொல்லும்வரை நெஞ்சு அடித்துக்கொள்ளும். அடிகளாருக்கு அவ்வினாவின் விடை அன்று கிடைத்துவிட்டது. அடுத்த ஆண்டு மருத்துவர் உறுதிசெய்தனர்.

அதன்பின் வந்த ஆண்டுகளே அவர் வாழ்வில் மிக இருண்டவை. நோயைக் காட்டிலும் தனிமை வருத்தியது. பாவசங்கீர்த்தனம் கேட்க உடன் ஒரு குரு இல்லாது, பீடத்தின் அடியில் விழுந்து நற்கருணை நாதரிடமே அறிக்கையிட்டதாக எழுதினார். அவர் புகழ் உலகெங்கும் பரவி, இங்கிலாந்திலிருந்து ஆங்கிலிக்கச் சபையார்கூடப் பொருளுதவி அனுப்பியபோது, அவருடைய மேலாளர்க்கு அது மனக்கசப்பையே தந்தது. சிலுவையின் நான்காம் வாக்கியத்தின் இருளில் அவர் நின்ற காலம் இது என்று நாம் எண்ணுகிறோம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். துன்பம் இறைவன் தந்தது, பொறுத்துக்கொள் என்று, நோகாதவன் நோகிறவனுக்குக் கூறும் அறிவுரை சமயப் பெயரால் நெடுங்காலம் வழங்கிவருகிறது. தமியான் அப்படிக் கூறியவர் அல்லர். துன்பத்தை அவர் புகழவில்லை. மரப்பலகைக்கும் மருந்துக்கும் உணவுக்கும் அரசு அலுவலரோடு ஓயாது வாதிட்டார். தலைக்கனம் உடையவர் என்று பெயரும் எடுத்தார். 1886இல் சப்பானிய மருத்துவமுறையில் குளியல் சிகிச்சைக்காக ஹொனொலூலு சென்று, தம் நோயையும் தணிக்க முயன்றார். கிறித்தவம் துன்பத்தை மீட்பாகக் கருதுவதன் பொருள், வலி நல்லது என்பதன்று. கைவிடப்பட்டவனின் பக்கத்தில் இறைவனே கைவிடப்பட்டவராக நிற்கிறார் என்பதே. கண்ணெதிரே அப்படி ஒருவர் நின்றதால்தான் மொலக்காயின் நோயாளர் அதனை நம்பினர் போலும்.

கடைசி ஆண்டுகளில் துணைவர் வந்தனர். 1886இல் யோசேப்பு டட்டன் என்னும் அமெரிக்கரும், 1888இல் கொன்ரார்டி என்னும் குருவும், அவ்வாண்டு நவம்பரில் அன்னை மரியான் தலைமையில் கன்னியரும் வந்து சேர்ந்தனர். தாம் விட்டுச்செல்லும் பிள்ளைகளுக்கு ஆள் உண்டு என்ற நிறைவு அவருக்குக் கிட்டியது.

1889 மார்ச் இறுதியில் அவர் படுக்கையில் வீழ்ந்தார். படுக்கை என்பதும் தரையில் இட்ட வைக்கோல் மெத்தையே. மார்ச் 30ஆம் நாள் பாவசங்கீர்த்தனம் செய்து, தம் வார்த்தைப்பாடுகளைப் புதுப்பித்தார். கறுப்புத் துணியின் அடியில் கிடந்த இருபது வயது இளைஞனை இங்கு நினைவுகூர்க. புண்கள் மூடிக் கருத்து வருவதைத் தாமே கண்டு, இது சாவின் அடையாளம் என்றார்; நோயாளர் பலரின் மரணப்படுக்கையில் அவர் கண்டிருந்த குறி அது. உயிர்ப்புத் திருநாளைத் தம்முடன் கொண்டாட இறைவன் அழைக்கிறார் என்று மகிழ்ச்சியோடு கூறினார். எலியா தீர்க்கதரிசி தம் போர்வையைச் சீடருக்கு விட்டுச் சென்றதுபோல் அவருடைய மேலாடையைத் தமக்குத் தருமாறு உடனிருந்த குரு வேண்டினார். அது முழுதும் தொழுநோயாயிற்றே, அதை வைத்து என்ன செய்வீர் என்று கேட்டாராம் அடிகளார். சாகக் கிடக்கும் ஒருவரின் இச்சிறு நகைச்சுவை, பல பிரசங்கங்களினும் நமக்கு அருமையாகத் தோன்றுகிறது.

ஏப்ரல் 15ஆம் நாள், புனித வாரத்தின் திங்கட்கிழமை காலை, உறங்கும் குழந்தைபோல் உயிர் நீத்தார். அகவை 49. அவர் ஒழுக்கத்தைப் பழித்து ஹொனொலூலுவின் போதகர் ஒருவர் கடிதம் எழுதியதும், மொலக்காயை நேரில் சென்று கண்டிருந்த எழுத்தாளர் இராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1890இல் அதற்குக் கடுமையான மறுமொழி அளித்ததும் பலரும் அறிந்தவையே.

முதலில் தங்கிய அதே தாழை மரத்தின் அடியில் அவரை அடக்கம் செய்தனர். 1936இல் பெல்ஜிய அரசின் வேண்டுகோளின்படி அவ்வுடல் தாயகத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டு லூவேன் நகரில் வைக்கப்பட்டது. மொலக்காயில் எஞ்சியிருந்தோர்க்கு அது பெருந்துயர். 1995இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு முத்திப்பேறு பட்டமும், 2009 அக்டோபர் 11ஆம் நாள் திருத்தந்தை பதினாறாம் ஆசீர்வாதப்பர் புனிதர் பட்டமும் அளித்தனர். 1995ஆம் ஆண்டிலேயே அவருடைய வலக்கை மட்டும் மொலக்காய்க்குத் திரும்பி வந்து, கோயிலருகே அப்பழைய கல்லறையில் மீண்டும் புதைக்கப்பட்டது.