இருதயத்தினுள் விரல் வைத்தவர்

வயிற்றையும் மூளையையும் திறந்து சிகிச்சை செய்யத் துணிந்த வைத்தியர்கள்கூட இருதயத்தில் கைவைக்க அஞ்சிய காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் அந்த அச்சத்தை வென்றவர்களுள் ஒருவர் சேர் ஹென்றி சூட்டர்.

1875ஆம் ஆண்டு மார்கழி 14ஆம் திகதி இங்கிலாந்தின் பேர்க்கன்ஹெட் நகரிற் பிறந்த இவர், ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்ற பின்னரே வைத்தியத் துறைக்கு வந்தார். பட்டறை வேலையில் பிரியமுள்ள அவர், தமக்கு வேண்டிய கருவிகளைத் தாமே வடிவமைப்பார். 1914இல் உலகப் போர் மூண்டபோது பெல்ஜியத்திற்குச் சென்று காயமுற்றோருக்குப் பணிபுரிந்தார்.

1925ஆம் ஆண்டு வைகாசி 6ஆம் திகதி, இலண்டன் வைத்தியசாலையில் ஓர் இளம் பெண் அவரது மேசையிற் கிடந்தாள். அவளது இருதயத்தின் இருகூர் வால்வு நோயினாற் பழுதடைந்திருந்தது. சூட்டர் மார்பைத் திறந்து, துடித்துக்கொண்டிருந்த இருதயத்தின் மேலறையிற் சிறு துவாரமிட்டு, அதனூடாகத் தமது விரலைச் செலுத்தினார். வால்வை வெட்டுவதே முதலில் அவரது எண்ணம். ஆனால் பின்னோக்கிக் கசியும் இரத்தம் விரலில் மோதுவதை உணர்ந்ததும், வெட்டினால் கசிவு கூடும் எனக் கண்டு கத்தியைத் தவிர்த்தார். விரலாலேயே வால்வை விரித்துவிட்டார். அப்பெண் பிழைத்தெழுந்து சில ஆண்டுகள் வாழ்ந்தாள்.

ஆயினும் அதன்பின் எந்த வைத்தியரும் அத்தகைய நோயாளி ஒருவரை அவரிடம் அனுப்பவில்லை. கோளாறு வால்வில் அல்ல, இருதயத் தசையிலேயே என்பது அன்றைய பலரது நம்பிக்கை. சூட்டர் மனங்கசந்து ஒதுங்கவில்லை. புற்றுநோயினால் உணவு விழுங்க முடியாது தவித்தோருக்கென ஒரு குழாயை ஆக்கியளித்தார். ரேடியச் சிகிச்சையிலும் உழைத்தார்.

இருபத்து மூன்று ஆண்டுகள் சென்றன. 1948இல் அமெரிக்காவில் பெய்லி, ஹார்க்கன் என்போரும், இலண்டனில் புறொக் என்பவரும் அவ்வழியிற் சென்று வெற்றி கண்டனர். சூட்டர் அதனைக் கண்ணாரக் கண்டு, 1964இற் காலமானார். விதைத்தவர் ஒருவர்; அறுத்தவர்கள் வேறு பலர்.

இன்று விலா எலும்புகளுக்கிடையே இடும் சிறு வெட்டினூடாக, ஒன்றுக்கு மேற்பட்ட வால்வுகளையும், தகுந்த நோயாளிகளுக்கு, ஒரே வேளையிற் சீராக்கும் நிபுணர்கள் இருக்கிறார்கள். எனினும் வருமுன் காப்பதே மேல். சிறுவருக்கு வரும் ஒருவகைத் தொண்டை நோவு, கவனியாதுவிட்டால் மூட்டுவாதக் காய்ச்சலாகி, ஒன்றல்ல, பல வால்வுகளையும் கெடுக்கக்கூடும். தொண்டை நோவுடன் காய்ச்சலும் கண்ட பிள்ளையைத் தாமதியாது வைத்தியரிடம் காட்டுங்கள். தரும் மருந்தை முழுமையாகக் கொடுத்து முடியுங்கள். இறைவன் நம்மிடம் ஒப்படைத்த சின்னஞ்சிறு இருதயங்களைக் காப்பது பெற்றோராகிய நமது கடமையல்லவா?