3 சீசன்... 3,492 ரீபவுண்ட்! கூடைப்பந்து வீரர் மாரிஸ் ஸ்டோக்ஸுக்கு என்ன ஆச்சு?

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக், ஒவ்வொரு சீசனிலும் சிறந்த சக வீரருக்கு ஒரு விருது கொடுக்கிறது. அதிகப் புள்ளி எடுத்தவருக்கு அல்ல, கூட ஆடுபவர்களுக்குத் துணை நிற்பவருக்கு. அந்த விருதுக்கு ட்வைமன் - ஸ்டோக்ஸ் என இரண்டு பேரின் பெயர். இதில் மாரிஸ் ஸ்டோக்ஸ் என்பிஏவில் ஆடியது மூன்றே சீசன். 24 வயதில் எல்லாம் முடிந்துபோனது. யார் இவர்?

இரும்பாலைத் தொழிலாளியின் மகன்

1933 ஜூன் 17 அன்று பென்சில்வேனியா மாகாணத்தின் ராங்கின் என்ற ஊரில் பிறந்தார் ஸ்டோக்ஸ். பிட்ஸ்பர்க் நகரை ஒட்டிய ஊர். அப்பாவுக்கு இரும்பாலையில் வேலை. கல்லூரிப் படிப்பு லொரெட்டோவில் உள்ள செயின்ட் பிரான்சிஸ் என்ற சின்னக் கல்லூரியில். 1955இல் என்ஐடி என்ற தேசிய அளவிலான கல்லூரிப் போட்டியில் அந்த அணிக்கு நான்காம் இடம்தான் கிடைத்தது. ஆனால், தொடரின் சிறந்த வீரர் விருது ஸ்டோக்ஸுக்கு! அதே ஆண்டு என்பிஏவின் ராச்செஸ்டர் ராயல்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது.

ரீபவுண்ட்னா என்ன?

குறி தவறிய பந்து வளையத்திலோ பலகையிலோ பட்டுத் திரும்பும்போது அதைக் கைப்பற்றுவதுதான் ரீபவுண்ட். எதிரணி தவறவிட்ட பந்து என்றால் அவர்களின் தாக்குதல் அதோடு முடிந்தது. நம்ம ஆள் தவறவிட்டது என்றால் நமக்கு இன்னொரு வாய்ப்பு. உயரம் மட்டும் இருந்தால் போதாது. பந்து எங்கே வந்து விழும் என்று முன்கூட்டியே கணிக்கணும். அந்த இடத்தைப் பிடித்து, மற்றவர்களை உள்ளே விடாமல் உடம்பால் மறிக்கணும்.

ஸ்டோக்ஸுக்கு 6 அடி 7 அங்குல உயரம், 100 கிலோவுக்கு மேல் எடை. முதல் சீசனிலேயே ஆட்டத்துக்குச் சராசரியாக 16.3 ரீபவுண்ட், 16.8 புள்ளிகள். சிராக்யூஸ் அணிக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் மட்டும் 38 ரீபவுண்ட்! அந்த ஆண்டின் சிறந்த புதுமுக வீரரும் அவர்தான். அடுத்த சீசனில் 1,256 ரீபவுண்ட் எடுத்தார். ஒரு சீசனில் அதுவரை யாரும் அவ்வளவு எடுத்ததில்லை.

1955 முதல் 1958 வரையிலான மூன்று சீசன்களில் லீக்கிலேயே அதிக ரீபவுண்ட் அவருடையது: 202 ஆட்டங்களில் 3,492. இவ்வளவு பெரிய உடம்புக்காரர், சக வீரர்கள் புள்ளி எடுக்கப் பந்தைக் கொடுத்து உதவுவதிலும் பாப் கூசிக்கு அடுத்த இடத்தில் இருந்தார் என்பதுதான் ஆச்சரியம்.

அந்த ஒரு அடி

1957இல் ராயல்ஸ் அணி சின்சினாட்டிக்கு இடம் மாறியது. 1958 மார்ச் 12, லீக் சுற்றின் கடைசி ஆட்டம், மினியாபொலிஸில். கூடையை நோக்கிப் பாய்ந்த ஸ்டோக்ஸ், மோதலில் நிலைதடுமாறி விழுந்தார். தலை தரையில் மோதி நினைவு போனது. மூக்கில் உப்பு மருந்து காட்டி எழுப்பினார்கள். எழுந்தவர் மறுபடியும் ஆடப் போய்விட்டார்! ஸ்கேன், கட்டாய ஓய்வு என்றெல்லாம் எந்த நடைமுறையும் அப்போது கிடையாது. தலையில் அடிபட்ட வீரர்களுக்கான விதிமுறையை என்பிஏ கொண்டுவந்ததே 2011இல்தான்.

மூன்று நாள் கழித்து டெட்ராய்ட் அணிக்கு எதிரான பிளே-ஆஃப் ஆட்டத்திலும் 12 புள்ளி, 15 ரீபவுண்ட் எடுத்தார். ஊர் திரும்பும் விமானத்தில் வலிப்பு வந்தது. பிறகு கோமா. கண் விழித்தபோது உடல் அசையவில்லை. அசைவைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதி பாதிக்கப்பட்டிருந்தது. ஆனால் புத்தி தெளிவாக இருந்தது. சுற்றி நடப்பது எல்லாம் புரியும், பேசத்தான் முடியாது.

செலவை யார் பார்ப்பது?

சம்பளம் நின்றது. மருத்துவக் காப்பீடு இல்லை. அப்போது முன்வந்தவர் சக வீரர் ஜாக் ட்வைமன். வயது 23. இவர் வெள்ளையர், ஸ்டோக்ஸ் கறுப்பினத்தவர். நிறவெறி கொடிகட்டிப் பறந்த அமெரிக்கா அது. ஆனாலும் ஸ்டோக்ஸின் சட்டப்பூர்வப் பாதுகாவலர் ஆனார் ட்வைமன்.

நண்பருக்கு அடிபட்டது வேலையின்போது, எனவே தொழிலாளர் இழப்பீடு தரணும் என்று ஓஹியோ மாகாணத்திடம் கேட்டு, அதை வாங்கியும் காட்டினார். அதுவும் போதாததால், நியூயார்க் மாகாணத்தின் மலைவாசஸ்தலம் ஒன்றில் ஆண்டுதோறும் நிதி திரட்டும் ஆட்டம் நடத்தினார். வில்ட் சேம்பர்லைன் போன்ற நட்சத்திரங்கள் வந்து ஆடினார்கள். இத்தனைக்கும் நடுவில் 1959-60 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 31.2 புள்ளிகள் எடுத்தார் ட்வைமன்.

இருவரும் பேசிக்கொண்டது எப்படி? ட்வைமன் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லுவார். சரியான எழுத்து வந்ததும் ஸ்டோக்ஸ் கண் சிமிட்டுவார். இப்படிச் சேர்த்துச் சேர்த்துத்தான் ஒரு வார்த்தை. ஆண்டுக்கணக்கான பயிற்சிக்குப் பிறகு கைகளில் ஓரளவு அசைவு வந்தது. ஓவியம்கூட வரைந்தார்.

1970 ஏப்ரல் 6 அன்று மாரடைப்பால் இறந்தபோது ஸ்டோக்ஸுக்கு வயது 36. அவர் விரும்பியபடியே லொரெட்டோவில், தான் படித்த கல்லூரி வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 2004இல் கூடைப்பந்தின் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் சேர்ந்தது. அந்தக் கௌரவத்தை அவர் சார்பில் பெற்றுக்கொண்டவர் ட்வைமன். 2012இல் அவரும் மறைந்தார். அடுத்த ஆண்டு அறிவிக்கப்பட்டதுதான் இந்த விருது.